ரெண்டும் வெள்ளை

ரெண்டு வண்டியும் வெள்ளையாக வந்து தொலைத்ததில்தான் சென்னியப்பனுக்கு அத்தனை ஆத்திரமும். ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு என்று இருந்திருந்தால் யார் குடி முழுகியிருக்கும், கார் வாங்குகிறவனுக்கெல்லாம் வேற நிறமே கண்ணில் படாதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கோபியிலிருந்து சத்தி போகிற ரோட்டில் தாமோதரன் வைத்திருந்த பழைய கார் கடை முன்னால், ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வெயிலில் நின்றிருந்தார். இடது கைப் பக்கம் ஒன்று, வலது கைப் பக்கம் ஒன்று. ரெண்டுக்கும் பின்னால் டிக்கி நீட்டிக்கொண்டிருந்தது, ரெண்டும் ஏழு வருஷம் ஓடினது, ரெண்டையும் ஒரு டாக்டர்தான் வைத்திருந்தார் என்று தாமோதரன் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினான். "ஏம்ப்பா, இந்த ஊர்ப்பக்கத்து டாக்டருங்க எல்லாம் ஊசி போடறத உட்டுப்போட்டு காரு மாத்தறதையே பொழப்பா வெச்சிருக்காங்களா?" என்று கேட்டதற்கு அவன் சிரித்தான். இடது வண்டிக்கு இன்ஜின் சுத்தம். வலது வண்டிக்கு நம்பரைக் கூட்டினால் எட்டு, எட்டு என்றதும் வந்தவனெல்லாம் திரும்பிப் போய்விட, நாலு மாசமாக அப்படியே நிற்கிறது. இடது இன்ஜின், வலது எட்டு. இடது இன்ஜின், வலது எட்டு. இதை அவர் மனசுக்குள் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார், ஏனென்றால் விட்டால் போச்சு, அந்த வெயிலில் அவருக்கு ரெண்டும் கவிழ்த்து வைத்த ரெண்டு பால் பாத்திரம்தான். நேராகப் பார்த்தால் நடுவில் ஒன்றும் இல்லை. ஓரத்தில் சக்கரம் தெரிகிறது, கண்ணாடி மின்னுகிறது, நடுவில் மட்டும் யாரோ ஈரத்துணி வைத்துத் துடைத்துவிட்ட மாதிரி. தாமோதரனைப் பார்த்தால் அவனுக்கு ரெண்டு காது இருந்தது, மூக்கும் வாயும் இல்லை, காதுக்கு நடுவிலிருந்து பேச்சு மட்டும் வந்தது. இருபத்தேழு வருஷம் ஈரோட்டு மஞ்சளை ஏற்றிக்கொண்டு இந்தூருக்கும் தில்லிக்கும் லாரி ஓட்டினவர், ரெண்டு பழைய காரில் எது எது என்று தெரியாமல் இடது வலது எண்ணிக்கொண்டு நிற்கிறார். இதை யாரிடம் போய்ச் சொல்ல. சொல்லவில்லை. ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

கொட்டகைக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் ருக்குமணி மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத்தான் வண்டி. மலையடிவாரத்துக் கிராமங்களுக்கு அவள்தான் அரசாங்க நர்சம்மா. ஐஸ் பெட்டியில் தடுப்பூசி மருந்தை வைத்துக்கொண்டு, பிள்ளை எடை போடுகிற தராசையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற வேலை. பத்தொன்பது வருஷம் ஸ்கூட்டரிலேயே போனாள். போன ஐப்பசியில் நாய் ஒன்று குறுக்கே ஓடி, ஸ்கூட்டரோடு விழுந்து, இடது மணிக்கட்டு ரெண்டாகப் போய், உள்ளே தகடு வைத்துத் தைத்திருக்கிறது. அதிலிருந்து ரெண்டு பஸ் மாறி, மூணு மைல் நடந்து, ஐஸ் பெட்டியை ஒரே கையில் தூக்கிக்கொண்டு போகிறாள். புதன்கிழமை ஊசி போடுகிற அன்று வீடு வந்து சேர்ந்தால் பேச்சே வராது. கார் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்சும் வாங்கிவிட்டாள். இந்த மாசத்துக்குள் வண்டி அமையாவிட்டால் வேலையை எழுதிக் கொடுத்துவிடுவது என்றும் முடிவு பண்ணி வைத்திருந்தாள். வண்டியை மட்டும் நீங்கதான் பாக்கோணும், எனக்கு என்ன தெரியும், நீங்க எதச் சொன்னாலும் செரிங்க என்று சொல்லிவிட்டாள். அந்த 'நீங்க எதச் சொன்னாலும் செரி'தான் அவர் தலையில் அரிசி மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தது. இதே ஒரு வருஷத்துக்கு முந்தி என்றால் பத்து நிமிஷ வேலை. அப்புறம் அவளும் இப்போதெல்லாம் என்னவோ மாதிரிதான் இருக்கிறாள், வீட்டில் எதைச் செய்தாலும் ஒரு சத்தம், காப்பி டம்ளரைக் கொண்டுவந்து வைத்தால் ணங் என்று வைக்கிறாள், கதவைத் தட்டிவிட்டுத் திறக்கிறாள், காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பரை வாய்விட்டுப் படிக்கிறாள், ஏம்புள்ள மனசுக்குள்ள படிச்சா ஏறாதா என்று ரெண்டு தரம் எரிந்தும் விழுந்திருக்கிறார். வேலை போய்விடுமோ என்கிற கடுப்பை டம்ளரில் காட்டுகிறாள் என்று அவர் நினைப்பு. இருக்கட்டும். இடது இன்ஜின், வலது எட்டு. காங்கயத்தில் ஒரு கண்ணாலம் என்று பொய் சொல்லிவிட்டுத் தனியாகக் கோயமுத்தூர் கண்ணாஸ்பத்திரிக்குப் போய் ரெண்டு மாசம் ஆகிறது. சக்கரை கண்ணுக்குள்ளே போய்விட்டது, கண்ணுக்குள்ளேயே ஊசி போடோணும், மூணு தரம், தள்ளிப்போட்டால் இருக்கிறதும் போயிரும் என்று அந்த டாக்டரம்மா, அதற்கும் மூஞ்சி இல்லை, சொன்னது. கண்ணுக்குள் ஊசி. அந்த அம்மா எழுதிக் கொடுத்த சீட்டை நாலாக மடித்து, லாரியை விற்றபோது மிஞ்சின பழைய பர்மிட் காகிதம் வைத்திருக்கிற ரெக்சின் பைக்குள் செருகிவிட்டார். லாரியை ஏன் விற்றீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் முழங்கால் வலி. முழங்காலைக் கேட்டால் அது சிரிக்கும்.

"அண்ணா, பாத்துட்டே நின்னா எப்படிங்ணா" என்று தாமோதரன் காதுகள் சொன்னன. பார்க்கிறதாம். பார்க்கிறதுக்கு என்ன இருக்கிறது என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டு, "ஒரு இரும்பு ராடு இருந்தாக் குடுப்பா" என்றார். "ராடுங்களா?" "டயரத் தட்டிப் பாக்கோணும்." தாமோதரன் கொட்டகைப் பக்கம் திரும்பி, "அக்கா, அண்ணன் இத பன்னெண்டு சக்கர லாரின்னு நெனச்சுட்டாராட்ட இருக்குதுங்" என்று சிரித்தான். சிரிக்கட்டும். சென்னியப்பன் குனிந்து ஒவ்வொரு டயரையும் தட்டினார். தட்டினால் சொல்லும், காற்று சரியாக இருந்தால் ஒரு மாதிரி, உள்ளே ஒட்டுப் போட்டிருந்தால் ஒரு மாதிரி, அதைக் கேட்கக் கண் வேண்டியதில்லை. இடது வண்டியில் நாலும் கண்டாமணி மாதிரி பேசியது. வலது வண்டியில் பின்பக்கத்து ஒன்று மட்டும் பொத்தென்று சொன்னது. "இதுக்கு ஒட்டுப் போட்டிருக்குது, மாத்திக் குடுக்கோணும்" என்றார். தாமோதரன் சிரிப்பு நின்றது. அந்த ஒரு நிமிஷம், அந்த ஒரே நிமிஷம், அவருக்குப் பழைய சென்னியப்பனாக இருக்க முடிந்தது. இன்ஜினைப் போடச் சொல்லிக் கேட்டார். இடது வண்டி இறங்குகிற மழை மாதிரி ஒரே சீராக ஓடியது. வலது வண்டியில் இன்ஜினுக்குள்ளே வால்வைத் தட்டுகிற டேப்பட் டிக் டிக் என்று தையல் மிஷின் மாதிரி கேட்டது. கதவை அடைத்துக் கேட்டார், கம்பளத்தைத் தூக்கி மோந்தார், தண்ணியில் நின்ற வண்டி என்றால் எத்தனை சென்ட் அடித்தாலும் அந்தச் சேற்று வாடை போகாது, ரெண்டிலும் அது இல்லை. பிறகு, எந்த நேரத்துக்குப் பயந்துகொண்டு காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வந்தாரோ அந்த நேரம் வந்தது. "அப்பறம் என்னங்ணா, நீங்களே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துருங்க" என்று தாமோதரன் இடது வண்டிச் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தான். சாவி சூடாக இருந்தது. உட்கார்ந்து கிளம்பினால் என்ன, ரோடு ஓரத்தில் தெரியும், புளியமரம் ஓரத்தில் தெரியும், நடுவில் வருகிறவன், நடுவில் சைக்கிளில் ஒரு பிள்ளை வந்தால், நடுவில் எவன் வந்தாலும் அவன் இல்லாதவன்தானே. "ருக்கு" என்றார். சத்தம் தேவைக்கு மேல் பெரிசாக வந்தது. "நீ ஓட்டு. நாளைக்கு நீதான ஓட்டப்போற. ஒனக்கு எப்படி வருதுன்னு நான் பாக்கறேன்." பாக்கறேன். நல்லாப் பார்த்தார் போ.

இடது பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தபோது, இது கிளீனர் சீட்டு என்று தோன்றியது. லாரியில் அந்தப் பக்கம் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டி, வரட்டும் வரட்டும், லெப்ட்டுல பாத்து என்று கத்துகிறவனுக்கு உள்ள சீட்டு. அவர் அதில் ஒரு நாளும் உட்கார்ந்தது கிடையாது. அவள் ஓட்டக் கற்றுக்கொண்டபோதுகூட, நான் பக்கத்துல ஒக்காந்தா திட்டிப்போடுவேன், வேண்டாம் என்று தட்டிக்கழித்துவிட்டார். அவள் கழுத்துச் சங்கிலியைச் சரிபண்ணிக்கொண்டு, சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டு, ரிவர்ஸ் போட்டாள். இந்த வண்டியில் கியர் கம்பிக்குக் கழுத்தில் ஒரு வளையம், அதை ரெண்டு விரலால் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு தள்ளினால்தான் ரிவர்ஸ் விழும். அவள் இடது கையால் தூக்கினாள், தள்ளினாள், 'ஸ்ஸ்' என்றாள். கொசு கடித்தாற்போல ஒரு சின்னச் சத்தம், பல்லுக்கு நடுவில் வந்தது, வேற யாருக்கும் கேட்டிருக்காது. வண்டி பின்னால் போய், திரும்பி, ரோட்டில் ஏறியது. அவர் வலது கால் தன்னாலே இல்லாத பிரேக்கைப் போய் மிதித்தது. வாய்க்கால் பாலம் ஏறுகிறது வயிற்றில் தெரிந்தது, தண்ணி வாடை வந்தது, ஒரு பைக் காதுக்குப் பக்கத்தில் சீறிக்கொண்டு போனது, எதிரில் என்ன வருகிறது, ஏன் மெதுவாகப் போகிறாள், ஏன் இப்போது வேகம் எடுக்கிறாள், எதுவும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது எத்தனை கேவலம். மிதி, மிதி, கிளட்ச மிதி என்று கத்த வேண்டும் போல இருந்தது, எதைப் பார்த்துக் கத்துவது. அவளும் வாயைத் திறக்கவில்லை. இன்ஜின் என்னவோ தேன்தான். பத்து வருஷத்துக்கு ஸ்பேனர் எடுக்க வேண்டியதில்லை. நடுவில் வண்டியைத் திருப்ப மறுபடி ரிவர்ஸ், மறுபடி 'ஸ்ஸ்'. கடைக்குத் திரும்பி ஓரம் கட்டுகையில் மூணாவது தரம். இன்ஜின் சுத்தம், இன்ஜின் சுத்தம் என்று அவர் மனசுக்குள் அழுத்தி அழுத்திச் சொல்லிக்கொண்டார், அந்த 'ஸ்ஸ்' மேல் மண்ணை அள்ளிப் போடுகிற மாதிரி.

கொட்டகைக்குள் டீ வந்தது. அவர் வண்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து குடித்தார். பின்னாலிருந்த ஒரு வேனை எடுக்க வேண்டும் என்று யாரோ வந்தார்கள், தாமோதரன் வண்டிகளை நகர்த்தப் போனான், அந்த நேரம் பார்த்து ரோட்டில் மைக் கட்டின வேன் ஒன்று நின்றுகொண்டு, தேர் ஓடுகிற நாளையும் அன்னதானம் போடுகிறவர் பெயரையும் காது கிழியச் சொல்லிக்கொண்டிருந்தது. சென்னியப்பனுக்கு அதில் ஒன்றும் ஏறவில்லை. எட்டு என்று தெரிந்தே ஒருத்தன் பெண்டாட்டிக்கு வாங்கிக் கொடுப்பானா, அவளே ஒரு தரம் விழுந்து எழுந்தவள், நாளைக்கு ஏதாவது ஆனால் எட்டு எட்டு என்று ஊரே என் மூஞ்சியில் துப்பும். ஆனால் அந்த 'ஸ்ஸ்'. ஒரு நாளைக்கு இருபது தரம் ரிவர்ஸ் எடுப்பாள், சந்து சந்தாகப் போகிறவள். கை பழகிப்போகும். பழகாது, தகடு எப்படிப் பழகும். எண்ணெய் விட்டால் வளையம் இளகும். கழுதை, வளையம் இளகும், மணிக்கட்டு இளகுமா. சே, எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு வேண்டாமா, இதற்கா இத்தனை நேரம், ஒரு காரியத்தைக்கூட நறுக்கென்று முடிக்கத் துப்பில்லாமல் போய்விட்டதா நமக்கு என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டு விருட்டென்று எழுந்தார். இடது இன்ஜின், வலது எட்டு. நேராக இடது வண்டிக்குப் போனார், அதன் மூக்கில் கையை வைத்தார், தாமோதரனும் ருக்குமணியும் வந்து நின்றதும், கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி, "இதேதாம்ப்பா முடிவு. இப்ப ஓட்டிட்டு வந்தோமே, இன்ஜினு தேனாட்ட இருக்குது. அந்த எட்டு நம்பரு எனக்கு வேண்டாம், அத எவனாச்சும் ஏமாந்தவன் தலையில கட்டு" என்றார்.

மைக் வேன் போய்விட்டிருந்தது. பிறகு தாமோதரன் மெதுவாக, "அண்ணா, நீங்க கைய வெச்சிருக்கறதுதானுங்ணா அந்த எட்டு" என்றான். "வேனு எடுக்கறக்கு வண்டிய எடம் மாத்தி உட்டேன். நம்பரு முன்னாலயே இருக்குதுங்களே. நாலு, ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு." அவர் கைக்குக் கீழே, ஒரு முழம் தள்ளி, சின்னப் பிள்ளையும் படிக்கிற அத்தனை பெரிய எழுத்தில். உள்ளங்கை வேர்த்து பெயிண்ட்டில் ஒட்டிக்கொண்டது. எடுக்கலாமா வேண்டாமா. எடுத்தால் என்ன சொல்வது. கண்ணாடி கொண்டுவரவில்லை என்றா, வெயில் என்றா, எத்தனை பொய்யைத்தான் ஒருத்தன் மடியில் கட்டிக்கொண்டு அலைவது, எல்லாப் பொய்யும் அந்த நேரத்துக்குத்தானா ஓடி ஒளிய வேண்டும். அதற்குள் ருக்குமணி பேசிவிட்டாள். "உங்களுக்கு மைக்கு சத்தத்துல காது அடைச்சுப்போச்சு தம்பி. இத இன்னும் ஓட்டிப் பாக்கலியே, எட்டுன்னு ஒதுக்காம பாத்துப்போட்டு முடிவு பண்ணலாம்னுதான் சொல்றாரு. சாவியக் குடுங்க." ஒரு தடங்கல் இல்லை, ஒரு தொண்டை செருமல் இல்லை, சேலைக் கொசுவத்தை மடிக்கிற மாதிரி அத்தனை லாவகமாக ஒரு பொய். இது இன்றைக்கு முளைத்த பொய் இல்லை. இது பழக்கப்பட்ட பொய். டம்ளர் ணங் என்று வைக்கிறாள். கதவைத் தட்டிவிட்டு வருகிறாள். பேப்பரை வாய்விட்டுப் படிக்கிறாள். பொங்கலிலிருந்து தட்டில் உப்பு ஒரே இடத்தில்தான் இருக்கிறது, செருப்பு ஒரே படியில்தான் கிடக்கிறது. அவர் எரிந்து விழுந்தபோதும் வைத்துக்கொண்டுதான் இருந்தாள், ணங், ணங் என்று.

வண்டியில் ஏறினபோது வெட்கமும் கோபமும் எது எதென்று அவருக்குப் பிரிக்கத் தெரியவில்லை. தெரிந்துகொண்டே என்னை இன்ஜின் பார்க்க அனுப்பினாளா, டயரைத் தட்டும்போது உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாளா, பாவம் ஆடட்டும் என்று விட்டாளா. அவள் ரிவர்ஸ் போட்டாள். இதில் வளையம் இல்லை. சும்மா தள்ளினாள், விழுந்தது. அந்த 'ஸ்ஸ்' வருமா என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். சத்தம் வரவில்லை. ரோட்டில் ஏறினதும் அவள் சாதாரணமாக, சமையல் பேசுகிற குரலில் ஆரம்பித்தாள். "எதுக்க சிமெண்டு லாரி ஒண்ணு வருதுங்க. போயிட்டுது. முன்னால வைக்கப்பில்லு ஏத்துன டிராக்டரு. ஒதுங்கறான். தாண்டறேனுங்க." நான் என்ன குருடனா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. "எதுக்கு இதையெல்லாம் எங்கிட்டச் சொல்லிட்டு வர்ற?" என்றார் கடுகடுவென்று. "பழகிக்கறேனுங்க" என்றாள். டேப்பட் டிக் டிக் என்றது. பாலம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அதே குரலில், "பொங்கலுக்கு முந்தியேங்களா, பொறவுங்களா?" என்று கேட்டாள். வெளியே தென்னந்தோப்பு பச்சையாக ஓரத்தில் ஓடியது, நடுவில் இல்லை. "பொறவுதான் ரொம்ப" என்றார். அதைச் சொல்ல இத்தனை நாள் பிடித்த தொண்டை, சொல்லி முடித்ததும் தண்ணி குடித்த மாதிரி இருந்தது, அதுவும் ஒரு எரிச்சல். "நாலு ஊருக்குப் போயி ஒவ்வொருத்தர் வெரலாக் குத்திச் சக்கரை பாத்து, மாத்திரை திங்கறீங்களா, கண்ணக் காட்டுனீங்களான்னு கேக்கறவ நானு" என்றாள் ருக்குமணி. குரல் ஒரு இடத்தில் இடறி, அங்கேயே நின்று, பிறகு நேரானது. "பர்மிட்டுப் பையில அந்தச் சீட்டப் பாத்தப்ப எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? என்னைக்காச்சும் நீங்களாச் சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு இருந்தேன். காரு எடுக்கற அன்னைக்காச்சும் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

மலைப்பக்கத்துக் காற்று ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. அவள் கியரை மாற்றினாள், ஒரு தரம், ரெண்டு தரம், மூணாவது தரமும் சத்தம் வரவில்லை. "அரை நாள் வேலைதான், இந்த டேப்பட்டு" என்றார். "உக்காந்து நானே சொல்லிச் செய்ய வெக்கறேன். டயரு மட்டும் மாத்தி வாங்கிக்க. இதே இருக்கட்டும்." அவள் திரும்பிப் பார்த்தது சீட்டு கிறீச்சிட்டதில் தெரிந்தது. "கூட்டு எட்டுங்களே?" "எட்டா இருந்தா என்ன, எம்பதா இருந்தா என்ன, எனக்கு அந்த எழவு தெரிஞ்சாத்தான?" என்றார், சொன்ன வேகத்தில் அவருக்கே ஒரு சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அவளும் சிரித்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். ஒரு மைல் போயிருக்கும். "வர்ற வெள்ளிக்கிழமை லீவு சொல்லியிருக்கறனுங்க" என்றாள் ருக்குமணி. "கோயமுத்தூருக்கு. இதுலயே போலாம். எனக்கு அந்த ரோட்டுல ஓட்டிப் பழக்கமில்ல. நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லிட்டு வரோணும்."

கண்ணுக்குள் ஊசி. மூணு தரம். இடது கை கதவுப் பிடியைத் தேடிப் போய்ப் பற்றிக்கொண்டது, மாட்டேன் என்று சொல்ல வாய் திறந்தது. அவள் காத்திருந்தாள், வண்டி ஓடிக்கொண்டிருந்தது, டிக் டிக் டிக். அப்போது அந்த டிக் டிக்குக்கு அடியில், வெகு தூரத்தில், அவருக்கு இன்னொன்று கேட்டது. தலையை ஜன்னல் பக்கம் சாய்த்தார்.

"பின்னால பஸ்ஸு வருது, வேகமா வர்றான்" என்றார் சென்னியப்பன். "லெப்ட்டுல ஒதுங்கு. இன்னும் கொஞ்சம். வரட்டும், வரட்டும்."

ருக்குமணி கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் ரோடு காலியாக இருந்தது. வண்டியை ஒதுக்கினாள். வளைவுக்குள்ளிருந்து பஸ் பிறகுதான் வெளியே வந்தது.